துரைக்கு ஒரு சொல், மேஜருக்கு ஒரு சொல்

துரை பின்னால் ஓர் அடி வைத்தார்.

தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடி அது. பச்சைக் கொழுந்தைப் பரப்பி வாட்டுகிற நீள நீளமான தட்டுகளுக்கு நடுவே நடைவழி. வாடிய இலையைக் கீழே தள்ளுவதற்கு அந்த நடைவழியின் கோடியில், தரையிலேயே ஒரு பெரிய துவாரம் இருந்தது. ஓர் ஆள் தாராளமாக உள்ளே போய்விடலாம். அதற்கு நேர் கீழே இலையை முறுக்கும் மெஷின் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது இலை இறக்குகிற நேரம். பலகை மூடியைத் திறந்து சுவரில் சாத்தி வைத்திருந்தார்கள்.

துரை வேனில் வந்த விருந்தாளிகளைப் பார்த்தபடி, கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டே, பின்பக்கமாக நடந்தார். பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கிற வழக்கம் துரைமார்களுக்குக் கிடையாது. அதைப் பார்ப்பதற்கு நாங்கள் இருந்தோம்.

துவாரத்துக்கும் அவருடைய பூட்ஸுக்கும் நடுவில் கொஞ்ச இடம்தான் மிச்சம். நான் கை எட்டாத தூரத்தில் நிற்கிறேன். வாயைத் திறந்துவிட்டேன், சொல் வரவில்லை. தெரியாமல் இல்லை, இங்கிலீஷில் ஏகப்பட்ட சொற்கள் தெரியும். அதில் எதைச் சொன்னால் துரைக்கு மரியாதை என்பதுதான் பிரச்சினை.

அவரை அங்கேயே ஒரு காலில் நிற்க வைத்துவிட்டு, அந்த இங்கிலீஷ் எனக்கு எப்படி வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இத்தனை வருஷம் நாங்கள் அவருக்காக மழையில் நின்றோம். அவர் எனக்காகக் கொஞ்சம் நிற்கட்டும்.

நனையாத வேலை

எழுபதுகளின் கடைசியா, எண்பது பிறந்துவிட்டதா என்று சரியாக நினைவில்லை. கேமரன் மலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வேன் வேனாக வரத் தொடங்கியிருந்தார்கள். கியா பார்மில் முட்டைக்கோசைப் படம் பிடித்துவிட்டு, தேயிலை எப்படிச் செய்கிறார்கள் என்று பார்க்க எங்கள் தோட்டத்துக்கும் வருவார்கள். அவர்களுக்கு இங்கிலீஷில் சுற்றிக் காட்ட ஓர் ஆள் வேண்டும் என்றார் துரை. வெள்ளைக்காரத் துரைகளில் கடைசியாக மிஞ்சியவர் அவர். ஆள் பார்க்கும் பொறுப்பு ஆபீஸில் கணக்கெழுதும் கிராணி தேவராஜ் தலையில் விழுந்தது.

எனக்கு அப்போது இருபது வயது இருக்கும். தானா ராத்தா பள்ளியில் படிவம் மூன்று வரை படித்து, இங்கிலீஷில் மட்டும் அழகாகத் தோற்றுப்போய், அம்மாவோடு மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் இந்தப் பத்தியில், மலையில் காலைக் கடித்து ரத்தம் குடிக்கிற அட்டைகளைப் பற்றி நான் எழுதியதை ஒரு வாசகி சாப்பிடும்போது படித்துவிட்டாராம். ரொம்பக் கோபம். அம்மா தாயே, நீங்கள் அதைப் படித்துக்கொண்டு சாப்பிட்டீர்கள், நாங்கள் அதோடு சாப்பிட்டோம்.

அதனால் அந்த வேலை எனக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கூரைக்குக் கீழே வேலை. காலில் செருப்பு, தலையில் கூடை கிடையாது. எனக்கு அந்த வேலை வேண்டும். அதுவரை எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை.

கிராணியிடம் போய் நின்றேன். ஈப்போவிலிருந்து வந்த இளவட்டம், சீப்பு எப்போதும் சட்டைப் பையில்.

“இங்கிலீஷ் வருமா?” என்றார்.

“வரும் ஐயா.”

“எங்க, ஒரு வார்த்த பேசு.”

“எஸ்” என்றேன்.

“இன்னும் ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள வரவழைச்சுக்க” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நாய் தின்றது போக மிச்சம்

வரவழைப்பதற்கு ஒரு வழி இருந்தது. என் பக்கத்து வீட்டு லெட்சுமி அக்கா துரை பங்களாவில் வேலை செய்தாள். பழைய துரை ஊருக்குப் போகும்போது விட்டுப்போன தடித்த இங்கிலீஷ் அகராதி ஒன்று அங்கே சமையல்கட்டு ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஜன்னலுக்குப் புதுக் கொக்கி வந்ததும் அதைத் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார்கள். அக்கா அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பங்களா நாய் மேஜர் ஏற்கனவே அதில் ஏ எழுத்து முழுவதையும் தின்றிருந்தது. எங்கள் இங்கிலீஷ் பி-யில்தான் தொடங்கியது. இன்றைக்கும் எனக்கு ஏ-யில் தொடங்கும் சொற்கள் கொஞ்சம் தடுமாறும். மேஜர் என்னைவிட முன்னேறியிருக்க வேண்டும்.

வேலை முடிந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போனதும், ஆயாக் கொட்டாயில் நானும் அக்காவும் உட்கார்வோம். பகலில் கைக்குழந்தைகளைப் போட்டு வைக்கிற கொட்டாய் அது. பால் புட்டி வாடையும் மூத்திர வாடையும் கலந்து வரும். அந்த வாடையில்தான் நாங்கள் இங்கிலீஷ் வினைச்சொற்களைப் படித்தோம். பெயர்ச்சொல்லை விரலால் காட்டிவிடலாம், வினை தெரியாவிட்டால் வாய் திறக்க முடியாது என்பது அக்காவின் கட்சி. சமையல்கட்டு அனுபவம் அது.

ஒவ்வொரு சொல்லின் கடைசியிலும் அடைப்புக்குள் ஏதோ பொடி எழுத்து இருக்கும். ஒன்றும் புரியாமல் கிராணியைக் கேட்டோம். அவர் ஒருநாள் மேற்பார்வை பார்க்க வந்தவர், பிறகு தினமும் மேற்பார்வை பார்க்க வந்தார். அதை அப்போது நான் இங்கிலீஷ் பற்று என்றே நினைத்தேன்.

“அது அந்தச் சொல்லோட பொறந்த ஊரு” என்றார் கிராணி. “முன்ன ஒரு காலத்துல பிரான்ஸ் பக்கத்துல இருந்து ஒரு ராஜா படையோட வந்து இங்கிலாந்தப் புடிச்சுக்கிட்டாரு. அப்புறம் அங்க பெரிய எடத்துல எல்லாம் பிரெஞ்சுப் பேச்சு. இங்கிலீஷ்காரன் கீழ வேல செஞ்சான். அவன் சொல்லு பிகின். இவங்க சொல்லு கமென்ஸ். ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான், ஆரம்பிக்கிறது.”

லெட்சுமி அக்கா அகராதியை மடியில் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள், “அப்ப வெள்ளக்காரனுக்கே ஒரு தொரை இருந்தானா?”

“இருந்தான்.”

“அவனும் விடிகாலையில பெரட்டுல போய் நின்னு பேரு குடுத்தானா?”

“அது மாதிரிதான்.”

அக்கா சிரித்தாள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்குப் பங்களாவில் தட்டுக் கழுவும்போதும் சிரித்தாளாம். துரைசானி காய்ச்சலா என்று கேட்டாளாம்.

லயத்துச் சொல், பங்களாச் சொல்

அன்றிலிருந்து வினைச்சொற்களை இரண்டாகப் பிரித்தோம். இங்கிலீஷ்காரனுடைய பழைய சொல் என்றால், நாங்கள் குடியிருந்த வரிசை வீட்டின் பேரில், லயத்துச் சொல். பிரெஞ்சிலிருந்தோ அதற்கும் மேலே லத்தீனிலிருந்தோ வந்தது என்றால் பங்களாச் சொல். வாங்குவதற்கு பை லயம், பர்ச்சேஸ் பங்களா. ஈட் லயம், டைன் பங்களா. ஸ்லீப் லயம், ரிப்போஸ் பங்களா. கோ லயம், ப்ரொசீட் பங்களா. ஜோடி ஜோடியாகப் பிடித்ததால் சட்டென்று மனசில் நின்றது. இன்றைக்கு டியூஷன் வகுப்பில் மாதக் கட்டணம் கட்டிப் படிக்கிற பேரப் பிள்ளைகளுக்கு இது தெரியாது.

இதுவரை நாங்கள் செய்தது சரி. அடுத்து ஒரு முடிவுக்கு வந்தோம், அங்கேதான் குடை சாய்ந்தது.

தமிழில் சின்னவர்களை வா என்போம், பெரியவர்களை வாங்க என்போம். இங்கிலீஷிலும் அப்படித்தான் இருக்க வேண்டும் இல்லையா? பெரியவர்களுக்குப் பங்களாச் சொல், சிறியவர்களுக்கு லயத்துச் சொல். இதற்கு அக்கா பங்களாவிலிருந்தே சாட்சி கொண்டுவந்தாள்.

“தொரை விருந்தாளிகிட்ட என்னென்னமோ நீட்டி நீட்டிப் பேசுறாருடி. நாய்கிட்ட மட்டும் சிட், கம், கோ, ஃபெட்ச், ஸ்டே. எல்லாம் குட்டச் சொல்லு. சாயந்தரம் மேஜரத் தோட்டத்துல நிறுத்தி, ஸ்டேன்னு ஒரு அதட்டு அதட்டுவாரு. அது அசையாதுலா.”

நாய்க்குச் சொல்கிற சொல்லை எவளாவது அகராதியில் தேடுவாளா? அவற்றை அப்படியே லயத்துக் கணக்கில் சேர்த்துவிட்டோம்.

அக்கா இந்தச் சட்டத்தை விடாமல் கடைப்பிடித்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸரிடம், மகனுக்குத் தூக்கம் இல்லை என்பதை “மை சன் கனாட் ரிப்போஸ்” என்றாள். அவர் பிள்ளையை விட்டுவிட்டு இவளுடைய நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பிரிஞ்சாங்கில் இறங்க வேண்டிய இடம் வந்ததும், நிறுத்துங்கள் என்பதை வயசான சீனக் கண்டக்டரிடம் மரியாதையாக “ப்ளீஸ் டெர்மினேட்” என்றாள். அவர் தலையை ஆட்டிவிட்டு, பஸ் கடைசியாக நிற்கிற கம்போங் ராஜாவில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். திரும்பி வருவதற்குள் பங்களாவில் மதியச் சமையல் கெட்டது.

துரையின் தமிழ்

எங்களுக்கு ஏன் இந்த மரியாதைப் பைத்தியம் என்று கேட்பீர்கள். காரணம் இருந்தது.

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். வா, போ, எடு, நில், ஓடு. அவ்வளவுதான் தமிழ். அவருக்கு முன்னால் இருந்த துரை சொல்லிக்கொடுத்தது, அவருக்கு அவருக்கு முன்னால் இருந்தவர். அதில் ஒரு ‘ங்க’ கூடச் சேராமல் பரம்பரையாகக் காப்பாற்றி வந்தார்கள். ஆட்களை வேலை வாங்கும் மண்டோருக்கும் வா, பல் போன கிழவருக்கும் வா. என் அம்மா பாக்கியத்தை நான் பிறப்பதற்கு முன்னாலிருந்தே ஒவ்வொரு துரையும் ‘ஏய், நீ வா’ என்றுதான் கூப்பிட்டார். அம்மா அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. எனக்குத்தான் ஒவ்வொரு தடவையும் வயிறு எரியும். அம்மா எவ்வளவு கறாரான பொம்பளை தெரியுமா? லயத்தில் அவளை ஒருமையில் கூப்பிட்டவன் எவனும் இல்லை.

மூக்கால் இழுத்த பிரெஞ்சு

சோதனை நாள் வந்தது. ஒரு வேன் நிறைய விருந்தாளிகள். நான் அவர்களைச் சுற்றிக் காட்ட வேண்டும், துரை கூடவே வந்து பார்ப்பார். தேறினால் தொழிற்சாலை. தேறாவிட்டால் மறுநாளே மலை.

அக்காவின் நீலப் புடவை. உள்ளே குளிருக்கு ஸ்வெட்டர். பொடி சலிக்கிற பெண்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கிராணி தூணுக்குப் பின்னால் நின்று தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

“வெல்கம். வீ கமென்ஸ்” என்றேன். துரையின் புருவம் ஏறியது. “ப்ளீஸ் ப்ரொசீட். ப்ளீஸ் அப்சர்வ்.” இலை புளிக்கிற இடத்தில், வாசனை பாருங்கள் என்பதை “ப்ளீஸ் ரெஸ்பயர்” என்றேன். துரை இருமுவதுபோல வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் விருந்தாளிகள் இருக்கிறார்களே, அவர்கள் நான் சொன்னதையெல்லாம் அப்படியே செய்தார்கள். போகச் சொன்னால் போனார்கள், பார்க்கச் சொன்னால் பார்த்தார்கள். மூச்சை இழுக்கச் சொன்னதும் எல்லாரும் ஒரே நேரத்தில் நெஞ்சு நிமிர இழுத்தார்கள். ஒரு கிழவி என் கையைப் பிடித்து முத்தமே கொடுத்துவிட்டாள்.

பிறகுதான் கிராணி சொன்னார், அவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். இங்கிலீஷ் அரைகுறை. துரை பேசினால் பாதி புரியவில்லை. நான் பேசியது மட்டும் முக்கால்வாசி அவர்கள் வீட்டுச் சொல். ஆயாக் கொட்டாயில் நாங்கள் பங்களாவுக்கென்று பொறுக்கியதெல்லாம் அவர்கள் அடுப்படியில் தினமும் புழங்குவது.

தன்னை யாரும் பார்க்கவில்லை என்பது துரைக்குப் பொறுக்கவில்லை. மேல்மாடிக்கு வந்ததும் தானே விளக்க ஆரம்பித்தார். விருந்தாளிகளைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்க ஆரம்பித்தார். காலடியில் மேஜர். அந்தக் கோடியில் துவாரம்.

சொல் கிடைத்தது

என் மூளை அகராதியைப் புரட்டியது, வாய் அதை முணுமுணுத்தது. டிசிஸ்ட்? அதன் உச்சரிப்பில் எப்போதும் சந்தேகம். டெர்மினேட்? அதைத்தான் செய்துகொள்ளப் போகிறார். டிசெண்ட்? இறங்குவதற்கு நான் வேறு சொல்ல வேண்டுமா? ரிமெய்ன் என்றால் ‘அப்படியே இரு’, ஆனால் அதைச் சொல்லி முடிப்பதற்குள் தூக்கிய காலை வைத்துவிடுவாரே.

அவர் தூக்கிய காலைத் துவாரத்துக்கு மேலே நீட்டினார்.

“ஸ்டே!” என்று கத்தினேன்.

அக்கா பேசிக் காட்டிய அதே குரல், அதே அதட்டல். மெஷின் சத்தத்தையும் தாண்டி ஒலித்தது. துரை ஒற்றைக் காலில் சிலையானார். மேஜர் அவருக்குப் பக்கத்தில் பொத்தென்று அமர்ந்து அசையாமல் இருந்தது. கீழே மெஷினில் நின்ற ஆள் அண்ணாந்து பார்த்தபோது, துவாரத்தில் துரையுடைய பூட்ஸின் அடிப்பாகம் தெரிந்ததாம். அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிரெஞ்சுக்காரர்கள் கை தட்டினார்கள். நாய், துரை, நான் மூவரும் சேர்ந்து காட்டிய வித்தை என்று நினைத்துவிட்டார்கள் போலிருக்கிறது. துரை மெதுவாகத் திரும்பி, துவாரத்தைப் பார்த்தார். முகம் சுண்ணாம்பானது. படியிறங்கிப் போய்விட்டார்.

வீட்டுக்கு வருவதற்குள் செய்தி முந்திக்கொண்டது.

“தொரையப் பாத்து நாய வெரட்டுற மாதிரி கத்துனியாமே?” என்றாள் அம்மா.

“அவரு உசுரக் காப்பாத்துனேம்மா.”

“அத மரியாதயாக் காப்பாத்தக் கூடாதா?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடையைத் தேடி எடுத்து வாசலில் வைத்துவிட்டுப் படுத்தேன்.

ஆபீஸில்

மறுநாள் காலை பெரட்டில் பேர் வாசித்து முடிந்ததும் துரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். கிராணி மொழிபெயர்க்க நின்றார். மேஜர் மேஜைக்கு அடியில்.

கத்துவதற்கு முன்னால் வாய்க்குள் என்னமோ முணுமுணுத்தாயே, அது என்ன என்று துரை கேட்டார். மன்னிப்புக்கென்று நான் தயாரித்து வைத்திருந்த பங்களாச் சொற்களெல்லாம் பறந்துபோயின. மரியாதையான சொல் தேடினேன் என்றேன். குட்டைச் சொல் நாய்க்கு, நீளச் சொல் துரைக்கு என்று எங்கள் சட்டத்தைச் சொன்னேன். கிராணி அதை இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, துரை சிரித்துவிட்டார். இங்கிலீஷில் அப்படியெல்லாம் இல்லை, உங்களுக்கு யார் இப்படிச் சொன்னது என்றார்.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அது என்றைக்கும் என்னைக் கேட்டுத் திறப்பதில்லை. கிராணியைத் தள்ளிவிட்டு நானே பேசினேன். “டு மேஜர், யூ ஸே கம், கோ. டு மை மதர், யூ ஸே வா, போ. சேம்.”

கிராணி கண்ணை மூடிக்கொண்டார்.

துரைக்குக் காது நுனி வரை சிவந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பனிமூட்டம், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. சரி, போயிற்று, அட்டையோடு சேர்ந்து வாழ வேண்டியதுதான் என்று வாசலை நோக்கி நடந்தேன்.

“ஸ்டே” என்றார் துரை.

நான் நின்றேன். மேஜைக்கு அடியில் மேஜரும் எழுந்திருக்கப் போனது, திரும்பப் படுத்துக்கொண்டது.

தொழிற்சாலையிலேயே இரு, அடுத்த வேன் வியாழக்கிழமை என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, உன் அம்மாவிடம் வா என்பதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டார். சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். ‘ங்க’ அவருக்கு மூக்கில் மாட்டிக்கொண்டது. திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார்.

அன்று சாயந்தரம் ஆயாக் கொட்டாயில் கிராணிக்கு ஒரு சந்தேகம். அகராதியை எடுத்து முதல்முறையாக ஸ்டேயைத் தேடினார். பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்தார். அந்தக் குட்டைச் சொல் இங்கிலீஷ்காரன் சொல்லே இல்லை. பிரெஞ்சு. அதற்கும் மேலே போனால் லத்தீன், நிற்பது என்று பொருள். அசல் பங்களா வம்சம்.

லெட்சுமி அக்கா அகராதியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அப்ப இத்தன நாளா நாய்க்குக்கூடப் பங்களாப் பேச்சுதான் பேசிருக்காரு. நமக்குத்தான்லா கெடைக்கல” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர், அதாவது அந்தக் கிராணி, அந்த ஆண்டே எங்கள் வீட்டில் வந்து பெண் கேட்டதையும், இன்றுவரை சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து “கமென்ஸ்” என்று சொல்வதையும் இன்னொரு சமயம் வைத்துக்கொள்கிறேன்.

அகராதியில் ஸ்டேயைப் பார்த்ததற்கு அடுத்த நாள் விடிகாலை, பெரட்டுக் களம். பனியில் ஆள் முகம் தெரியவில்லை. நான் இனிமேல் தொழிற்சாலை என்றாலும் அம்மாவோடு வந்திருந்தேன். துரை மேஜரோடு வந்தார். மண்டோர் பேர் வாசித்தார்.

“வாங்க” என்றார் துரை.

யாரும் நகரவில்லை. அம்மா திரும்பிப் பின்னால் பார்த்தாள், யாரோ பெரிய மனிதர் வந்து நிற்கிறார் என்று. கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் வந்த மேஜர்தான் வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

“நாய்க்குப் போயி வாங்க போடுறாரே இந்த மனுசன்” என்று அம்மா என் காதில் சொன்னாள். சொல்லிவிட்டு மேஜருக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

“பாக்கியம்” என்றார் துரை. “வாங்க.”

அம்மா இன்னொரு தடவை திரும்பிப் பார்த்தாள்.